வெள்ளக்கரட்டுக்குப் போன வழியும் அங்கே படித்த சீட்டும்

எங்கள் தம்பி மகள் பாவாயி ஒவ்வொரு வருஷமும் ஆடிப் பதினெட்டுக்கு மோகனூருக்கு வந்துவிடுவாள். புருஷன் ரங்கனும் சிறு பெண் வள்ளியும் கூட வருவார்கள். காவிரியில் தலை முழுகி, கரையில் பொங்கல் வைத்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் வரவில்லை. மறுநாள் பரமத்தி வேலூர் வெற்றிலைக்காரர் ஒருவர் வழியில் நின்று, "உங்க மருமகனுக்கு நெஞ்சில இழுப்புங்க. ஒக்காந்தே தூங்கறாராம். திருச்செங்கோட்டுச் சந்தையில சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் தம்பி இறந்து பத்து வருஷம் ஆகிறது. அவன் இருந்தால் அவன் போயிருப்பான். அவன் இல்லாததால் நான் போக வேண்டும். மூன்று பேரையும் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று தீர்மானித்து, ஆடி இருபதாம் நாள் கிளம்பினேன்.

நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் பழனிக்குப் போனதையும் ஒகேனக்கலுக்குப் போனதையும் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு அறுபத்தேழு வயது. போன தை மாதம் வரை எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இப்போது தெரியும். அதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்தக் கட்டுரையை எழுத இருபத்திரண்டு நாள் ஆயிற்று. சங்ககிரிப் பக்கம் உறவு, சம்பந்தம், சந்தை என்று போகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அவர்களுக்கு உபயோகப்படும் என்று நேரம், தூரம், கட்டணம் எல்லாம் சரியாகக் குறித்திருக்கிறேன்.

மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்குப் பதினோரு மைல். காலை ஆறரைக்குப் பஸ். கட்டணம் நாலணா. யுத்தம் வந்து பெட்ரோல் கிடைக்காததால் இப்போது எல்லாம் கரிவாயு பஸ்தான். பின்னால் ஒரு பெரிய இரும்பு அண்டாவைக் கட்டி, அதில் அடுப்புக் கரியை எரிக்கிறார்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கண்டக்டர் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றுகிறார். பின் வரிசையில் உட்காராதீர்கள். இறங்கும்போது மூக்கு கறுத்துவிடும். நான் முன்னால் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதற்கு வேறு காரணமும் உண்டு. அங்கிருந்துதான் மைல்கல் தெரியும்.

இத்தனை வருஷம் அந்தச் சாலையில் வண்டி ஓட்டியிருக்கிறேன். மைல்கற்கள் பேசும் என்று எனக்குத் தெரியாது. "நாமக்கல் 9" என்றது ஒன்று. "நாமக்கல் 8" என்றது அடுத்தது. நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க பெரியவரே, கல்லெல்லாம் எண்ணிப் பார்த்து வாங்கப் போறீங்களா?"

"எண்ணலீங்க. படிக்கிறேன்."

"டிக்கட்டையும் படிச்சீங்களா?"

"படிச்சனே. நாலணான்னு போட்டிருக்குது. உங்க கண்டக்டர் அஞ்சணா வாங்கினாரு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் ஓரணாவைத் திருப்பிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் படிப்பால் வந்த முதல் வருமானம் அது.

நாமக்கல்லில் எட்டு மணிக்கு இறங்கி இரண்டு இட்டிலி சாப்பிட்டேன். திருச்செங்கோட்டு பஸ் ஒன்பதுக்கு. இருபத்திரண்டு மைல், ஏழணா. வழியில் ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அதற்குக் கட்டணத்தில் கழிவு கிடையாது. பதினொன்றரைக்குத் திருச்செங்கோடு. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பன்னிரண்டரைக்குச் சங்ககிரி பஸ் ஏறினேன். ஐந்தாவது மைலில் ஒரு கிளைச்சாலை பிரிகிறது. அங்கே இறங்கிக்கொள்ள வேண்டும். இரண்டணா. அங்கிருந்து வடக்கே மூன்று மைல் நடை. நிழல் கிடையாது. ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு நடந்தேன்.

மணி மூன்று இருக்கும். தூரத்தில் ஒரு வெள்ளைக் குன்று தெரிந்தது. அதுதான் வெள்ளக்கரடு. குன்று முழுவதும் வெள்ளைக் கல். அந்தக் கல்லை உடைத்து, மாவாக இடித்து, மூட்டை கட்டி ரயிலில் ஏற்றுகிறார்கள். கண்ணாடி செய்யவும் பீங்கான் செய்யவும் அது வேண்டுமாம். நிலம் வறண்டு போன ஊர். இருபத்து மூன்று வீடு. எல்லோருக்கும் இதுதான் பிழைப்பு என்று பாவாயி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் கல்யாணம் எங்கள் ஊரில் நடந்தது. அவளைக் கொண்டுவந்து விட்டவர்களோடு காய்ச்சலால் என்னால் வர முடியவில்லை. அதனால் அந்த ஊரை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஊருக்குள் நுழைந்ததும் கண் கூசியது. பனை ஓலை வெள்ளை. வேலிக் கள்ளி வெள்ளை. படுத்திருந்த நாய் எழுந்து உதறியது. அதன் மேலிருந்து ஒரு புகை கிளம்பிற்று. எங்கிருந்தோ உலக்கைச் சத்தம், ஊரே கல்யாணத்துக்கு நெல் குத்துவது போல. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"சாமி, உங்களுக்கு என்ன வயசுங்க?"

"அறுபத்தேழு."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "ஏ சின்னாத்தா, ஏ செல்லம்மா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். என் தலைமயிரைப் பார்த்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டு வந்து என் கையை எடுத்து அதன் தலையில் வைத்தாள். "உங்க ஆயுசு இதுக்கு வரட்டுங்க சாமி" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். மரியாதை தெரிந்த ஊர், பாவாயி நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வந்த முறைக்கு ஊர்ப் பெரியவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் அல்லவா? "ஊர்ப் பெரியவர் எங்கிருக்காருங்க?" என்று கேட்டேன்.

ஓடிப்போய் அழைத்து வந்தார்கள். வந்தவர் மேஸ்திரி மாரப்பன். கல்மாவை அளந்து வாங்கி, மூட்டைக்கு எண் போட்டு அனுப்புகிறவர். தலை கறுகறுவென்று இருந்தது.

"பெரியவர் வரலீங்களா?" என்றேன்.

"நாந்தானுங்க. எனக்கு நாப்பத்தி ரெண்டு. இந்த ஊர்ல எனக்கு மேல யாரும் இல்லீங்க."

நான் அவரைத் தாண்டி அவர்களைப் பார்த்தேன். நரைத்த தலை ஒன்றுகூட இல்லை. இருந்த வெள்ளை எல்லாம் தூசி. என் கையைப் பிடித்திருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நெற்றியில் பொட்டு இல்லை. பக்கத்தில் நின்றவளுக்கும் இல்லை. அதற்கு அடுத்தவளுக்கும் இல்லை. எனக்குச் செய்தது மரியாதை அல்ல என்று அப்போது புரிந்தது. அவர்கள் பார்த்திராத ஒன்றைப் பார்க்க வந்திருந்தார்கள்.

பாவாயி கொட்டகையில் இருக்கிறாள் என்றார்கள். போனேன்.

கொட்டகை என்றால் பனையோலைக் கூரை, குனிந்து போக வேண்டிய வாசல். நாலு பக்கமும் தட்டி. தட்டிக்குச் சாணி மெழுகி, அதன் மேல் கோணிச் சாக்கு. எங்கள் ஊரில் மாட்டுக்குக்கூட இப்படி அடைத்துக் கட்ட மாட்டோம். உள்ளே ஆணும் பெண்ணுமாகப் பதினான்கு பேர். கல் உரலில் பூண் போட்ட உலக்கையால் வெள்ளைக் கல்லைக் குத்துகிறார்கள். ஓரத்தில் சிலர் பழைய சேலைத் துணியில் மாவைச் சலிக்கிறார்கள். கூரை ஓட்டையில் விழுந்த வெயில் பாலில் நிற்பது போல நின்றது. எதிரே இருக்கிறவர் முகம் தெரியவில்லை. மூன்று தடவை மூச்சு விட்டேன். நாலாவது தடவை இருமல் வந்துவிட்டது. பிறகுதான் காதில் விழுந்தது. உலக்கைச் சத்தத்துக்கு நடுவே எல்லோருமே இருமிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுக்குப் பேச்சு மாதிரி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இப்படி அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்று மாரப்பனைக் கேட்டேன்.

"காத்து வந்தா மாவு பறந்துருங்களே. நைசு மாவுக்குத்தான மதிப்பு. அதுதான் மொதல்ல பறக்கும். ஆடி மாசத்துல ரெட்டைச் சாக்குப் போட்டிருவோம்."

எல்லோரும் துணி கட்டியிருந்தார்கள். தலைக்கு. எண்ணெய்த் தலையில் மாவு பிடித்தால் கழுவினாலும் போகாதாம். மூக்கில் கட்டவில்லை. எல்லோர் கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருந்தது. கருப்பட்டி. கல்மாவு தொண்டையில் நிற்காமல் கருப்பட்டி வயிற்றுக்குள் இறக்கிவிடும் என்று சொன்னார்கள். பிறந்த ஊரிலேயே அதைச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள்.

பாவாயி வெளியே வந்து தலைத்துணியை உதறினாள். என்னைக் கண்டதும் அழவில்லை. "வாங்க பெரியப்பா. பஸ்ஸுல வந்தீங்களா? எடம் கெடச்சுதா?" என்றாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரங்கன் சுவரில் தலையணையைச் சாய்த்து, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தோரு வயது. எங்கள் ஊர்க் காவிரியில் அக்கரை வரை நீந்திப் போய் வந்தவன். இப்போது "வாங்க மாமா" என்று சொல்ல இரண்டு மூச்சு எடுத்தான். வள்ளி அவன் மடியில் இருந்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "கெளம்புங்க. காலையில மூணு பேரும் எங்கூட மோகனூர் வாறீங்க. ஆத்தங்கரையில நல்ல காத்து. நாமக்கல் ஆசுபத்திரியில காட்டலாம்."

"அது ஆவாதுங்க மாமா."

"ஏன் ஆவாது?"

வலது கையைக் காட்டினான். தோளுக்குக் கீழே ஒரு செப்புத் தாயத்து, சிவப்புக் கயிற்றில்.

"இது ஊர்ச் சொத்துங்க. எல்ல தாண்டப்படாது. இத அவுத்துக் குடுத்துட்டு வந்தா எனக்கு உசுரு நிக்காது. இது இருக்கறதாலதான் இருக்கிறேன்."

பாவாயி என்னைப் பார்த்தாள். "ஒரு மாசமா இதத்தான் சொல்றாருங்க பெரியப்பா. நானும் சொல்லி ஓஞ்சுட்டேன். நீங்க வந்தாலாவது கேப்பாருன்னு பார்த்தேன்."

என்ன தாயத்து என்று கேட்டேன். அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பாவாயி விட்டதை நிரப்பினாள். ரங்கனின் அண்ணனுக்கு ஐந்து வருஷத்துக்கு முன் இதே இழுப்பு வந்தது. சங்ககிரியில் ரயில் ஏறிச் சேலம் ஆசுபத்திரிக்குப் போனான். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தான். பேச மூச்சு இல்லை. மூன்றாம் நாள் இறந்துவிட்டான். குளிப்பாட்டும்போது வேட்டி மடிப்பில் ஒரு சீட்டு இருந்தது. பெரிய டாக்டர் கையால் வந்த சீட்டு, சும்மா இருக்குமா? திருச்செங்கோட்டில் செப்புக் குழல் வாங்கி, சுருட்டி உள்ளே வைத்து, அரக்கு வைத்து மூடினார்கள். ஊரில் யாருக்கு இருமல் அதிகமோ அவருக்குக் கட்டினார்கள். முதலில் கட்டியவர் ஒரு வருஷம் முழுதும் இருந்தார். அதனால் நம்பிக்கை வந்துவிட்டது. அவர் போனதும் அடுத்தவர் கைக்கு. அப்படி நாலு கை போய்விட்டது. ரங்கன் ஐந்தாவது.

"சீட்டுன்னா, எழுத்தா?" என்றேன்.

"எழுத்துதானுங்க."

எனக்கு உடம்பெல்லாம் ஓர் உற்சாகம் வந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். எங்கே எழுத்து என்றாலும் எனக்கு அப்படித்தான். "எனக்குப் படிக்கத் தெரியும். அதத் தொறங்க" என்றேன்.

அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. தாயத்துக்கு உரியவள் இறந்துபோன அண்ணனின் மனைவி ஆராயி. அவள் கொட்டகையிலிருந்து உலக்கையோடு வந்தாள். பின்னால் பாதி ஊர் வந்தது.

"தொறந்தா பலன் போயிரும். எம் புருசன் உசுர விட்டுக் கொண்டாந்த சீட்டு அது. யாரு நீங்க?"

"பாவாயிக்குப் பெரியப்பன். அம்மிணி, அது மந்திரமில்ல. டாக்டரு எதையோ சொல்லி எழுதியிருக்காரு."

"நாந்தான் அன்னிக்கே படிச்சுப் பார்த்தனுங்களே" என்றார் மாரப்பன். "நல்ல சீட்டுங்க அது."

"என்ன எழுதியிருந்துதுங்க?"

"அதான்... பத்திரமா வெச்சுக்கச் சொல்லி."

அவர் கண்ணைப் பார்த்தேன். எனக்கு அந்தக் கண் தெரியும். அறுபது வருஷம் சந்தையிலும் தாலுகாக் கச்சேரியிலும் யாராவது காகிதத்தை நீட்டினால் நானும் அதை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, "சரி சரி" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ரங்கன்தான் முடித்து வைத்தான். "நங்கை," என்றான் அண்ணி ஆராயியிடம். மூச்சு வாங்கினான். "எங் கையில இருக்கறப்பவே தொறக்கட்டும். பலன் போனா எனக்குத்தான போவுது."

ஆராயி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தானே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள்.

அரக்கைக் கத்தியால் பெயர்த்தோம். காகிதம் மஞ்சளாகி, வேர்வை ஊறி, மடிப்பில் கிழிந்திருந்தது. கத்தரிப்பூ நிறப் பென்சில் எழுத்து. தமிழ்! நான் வெயிலில் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். எனக்கு எழுத்துத்தான் முதலில் வரும். அர்த்தம் பின்னால் நடந்து வரும். ஒரு வார்த்தை கூடி வந்ததும் உரக்கச் சொன்னேன். "நெஞ்சில்!" என்றேன். "கல்!" என்றேன். "தூசி!" என்று சந்தோஷமாகக் கத்தினேன். சிறு பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. முடித்ததும் நிமிர்ந்தேன். ஆராயி முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது எனக்குத் தெரிந்தது.

சீட்டில் இருந்தது இது. தவறில்லாமல் என் நோட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்:

"இவர் நெஞ்சில் கல் தூசி படிந்திருக்கிறது. மருந்தால் எடுக்க முடியாது. ஊரில் மற்றவர்களைக் காப்பாற்றலாம். கல்லை நனைத்து இடிக்கவும். கொட்டகைத் தட்டிகளை எடுத்துவிடவும். மூக்கிலும் வாயிலும் ஈரத்துணி கட்டவும். இருமல் கண்டவர் அன்றே வேலையை விடவும். இதை ஊரில் எல்லோருக்கும் படித்துக் காட்டவும்."

கொட்டகையில் மட்டும் இரண்டு உலக்கை இன்னும் குத்திக்கொண்டிருந்தது. அவர்களுக்கு விஷயம் தெரியாது.

"அஞ்சு வருசம் கையில கட்டியிருந்தமே" என்றாள் ஆராயி. என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பெயர்களைச் சொன்னாள். தாயத்துக் கட்டிய நாலு பேர். கட்டக் கை கிடைக்காமல் போனவர்கள் அதற்கு மேல். பெண்கள் பெயரும் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒருத்தி தலையைக் குனிந்தாள். நான் பதினாறு வரை கேட்டேன். பிறகு கேட்க முடியவில்லை.

"பெரியப்பா," என்றாள் பாவாயி, "தட்டின்னா எங்க கொட்டகைத் தட்டிங்களா?"

"ஆமா அம்மிணி."

அவள் உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தாள். நேராகக் கொட்டகைக்குப் போய் மேற்குத் தட்டியின் கயிற்றை அறுத்தாள். தட்டி விழுந்தது. ஆடிக் காற்று ஒரே அடியாக உள்ளே புகுந்து, கிழக்குப் பக்கத்துச் சாக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியேறிற்று. அன்றைய மாவு முழுவதும் ஒரு வெள்ளை மேகமாகக் கிளம்பிப் பொட்டல் காட்டின் மேல் போயிற்று.

"ஏ புள்ள, மாவு போவுது! மாவு போவுது!" என்று மாரப்பன் ஓடினார்.

"போவட்டும்" என்றாள் ஆராயி. "அத்தன ஆளு போனாங்களே, அப்ப ஓடினியா?"

"ஈர மாவ வியாபாரி வாங்க மாட்டானாத்தா. எடை கூடும்பான்."

"காய வெச்சுத் தாரோம். நெல்லக் காய வெக்கறதில்லையா? உனக்கு அதுவும் தெரியாதா? அன்னிக்கு என்னத்தப் படிச்சே நீ?"

மாரப்பன் நின்றார். இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று. அதன் பிறகு உட்கார்ந்துவிட்டார். "எனக்கு எண்ணு மட்டுந்தான் ஆத்தா வரும். மூட்டையில போடற எண்ணு. எழுத்து வராது" என்றார். ஆராயி கையிலிருந்த உலக்கையைப் பார்த்தேன். ஓங்குவாள் என்றே நினைத்தேன். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையைக் குடத்தில் நனைத்துப் பிழிந்து, "மூக்குல கட்டு. உனக்கும் வந்தாச்சு. உனக்குத் தெரியலியா?" என்றாள்.

அன்று பொழுது சாயும் வரை நான் அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆராயி கேட்டாள். ஏழாவது தடவையில் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. காகிதத்தை அவளிடமே கொடுத்தேன். கரட்டுக்கு அந்தப் பக்கம் இதே கல்லை இடிக்கிற ஊர் இன்னும் இரண்டு இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை அங்கே போய்ச் சொல்லப் போவதாகச் சொன்னாள். "தாள எடுத்துட்டுப் போவேன். ஆனா பாக்க மாட்டேன்" என்றாள். அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காலையில் மூட்டை வண்டியில் ரங்கனை உட்கார வைத்துக் கிளம்பினோம். கையில் தாயத்து இல்லை. எல்லையில் ஒரு வேப்பமரம். அதைத் தாண்டும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். தாண்டிய பிறகு திறந்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பது போலக் கொஞ்சம் இழுத்தான். வந்தது. "மாமா, இனி பஸ் தள்ளச் சொன்னா நான் தள்ள மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றான். பாவாயி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆடி, ஆவணியில் போனால் துண்டு இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்று தலைக்கு, ஒன்று நனைத்து மூக்குக்கு. கிளைச்சாலையிலிருந்து தண்ணீர் கிடையாது. கூஜாவில் கொண்டுபோக வேண்டும். திரும்பும் பஸ் கிளைச்சாலைக்கு ஒன்பது மணிக்கு வருகிறது. அதை விட்டால் மூன்று மணிக்குத்தான். கொட்டகை அடைத்திருந்தால் உள்ளே போகாதீர்கள். ஏன் அடைத்திருக்கிறது என்று வெளியே நின்று கேளுங்கள். போன வாரம் வெற்றிலைக்காரர் சொன்ன தகவல்படி இரண்டு தட்டி இன்னும் திறந்திருக்கிறது. மற்ற இரண்டைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். வியாபாரி சண்டை போட்டானாம். ஈரமாகத்தான் இடிக்கிறார்களாம். அந்தப் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் நிலத்தை விசாரிப்பதற்கு முன்னால் அவனுடைய அப்பனுக்கு என்ன வயது என்று விசாரியுங்கள். என் தம்பி விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. ஆசுபத்திரியில் சீட்டுக் கொடுத்தால், அந்த வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்னால் நாமக்கல்லிலேயே இறங்கி ரங்கனை டாக்டரிடம் காட்டினோம். அவர் வெகுநேரம் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். நான் கேட்டுக்கொண்டதால் கம்பவுண்டரைத் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஆசுபத்திரி வாசலில் ஒரு புளிய மரம். அதன் கீழே உட்கார்ந்து, ரங்கன் "படிங்க மாமா" என்றான். வள்ளி அவன் மடியில் இருந்தாள்.

விரல் வைத்துப் படித்தேன். இந்தத் தடவை கத்தவில்லை. கல் தூசியோடு சயரோகமும் சேர்ந்திருக்கிறது என்று இருந்தது. தனியாகப் படுக்க வேண்டும், தனிப் பாத்திரத்தில் சாப்பிட வேண்டும், குழந்தையைக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருந்தது. ரங்கன் வள்ளியைத் தூக்கிப் பாவாயி மடியில் வைத்தான். அவள் திரும்பி அவனிடம் வரப் பார்த்தாள். அவன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

கடைசியில், இன்னும் எத்தனை மாதம் என்று ஒரு வரி இருந்தது. அதன் அர்த்தம் எனக்கு இந்தத் தடவை எழுத்தோடு சேர்ந்தே வந்துவிட்டது. பாவாயி என் முகத்திலேயே அதைத் தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். காகிதத்தை மேலும் கீழும் பார்த்து, "சரி சரி, அவ்வளவுதான்" என்று மடிக்க எனக்குத் தெரியாதா? அறுபது வருஷம் செய்தவன்தானே.

"மிச்சத்தையும் படிங்க மாமா" என்றான் ரங்கன். "எனக்கு முன்னால கட்டினவங்க நாலு பேரு. ஒருத்தருக்கும் யாரும் படிச்சுக் காட்டல."

படித்தேன்.